கணினிக்கு முன்னால் பட்டுப்புடவை

கணினியில் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றதும் என் மாமியார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். மல்லிகை பறிக்கும்போது குச்சி கிழித்து அவருடைய வலது கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. மதுரைக்குப் போகலாம் என்று நானும் என் கணவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டோம். அத்தையின் அண்ணன் கண் ஆபரேஷனுக்குப் போய்ப் பார்வையில்லாமல் திரும்பியவர். "முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டக் கண்ணக் குடுக்க மாட்டேன்" என்று அத்தை உறுதியாக இருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ரெட்டியார்சத்திரத்தில் புதிதாக வந்த இன்டர்நெட் சென்டரில் காமிரா வழியாக மதுரைக் கண் டாக்டரிடம் பேசலாம் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நிலைகொள்ளவில்லை. மருத்துவமனைக்குத்தானே வரமாட்டார், பஸ் ஏறி அரைமணியில் போகிற இடத்துக்கு வருவாரே. வந்தார்.

திரையில் முகம் தெரிந்ததும் அத்தை எழுந்து கும்பிட்டார். சென்டர் நடத்தும் பெண் அவரை உட்காரவைக்க, நான் இமையை விரித்துப் பிடித்தேன். காமிரா கண்ணுக்கு அருகில் வந்தது. படம் விட்டுவிட்டு வந்தாலும் டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்டது. "கருவிழியில புண்ணு வந்திருக்கும்மா. தள்ளிப்போட்டா பார்வை போயிரும். இன்னைக்கே வாங்க."

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க வந்தா நீங்கதான் பாப்பீகளா?"

"நானேதாம்மா பாப்பேன்."

"அப்ப வாரேன்."

வீட்டுக்குக்கூடத் திரும்பவில்லை; அதே பட்டுப்புடவையோடு மதுரை பஸ் ஏறினோம். வார்டில் டாக்டர் நுழைந்ததும் அத்தை என் கையைச் சுரண்டி, "அவரேதான்த்தா" என்றார். அந்தக் குரலில் பயம் இல்லை. ஆபரேஷன் தேவைப்படவில்லை. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. நானும், தகவல் கேட்டு வந்துசேர்ந்த என் கணவரும் முறைவைத்து ஊற்றினோம்.

ஊர் திரும்பிய பிறகு சோதனையெல்லாம் சென்டரில்தான். கடைசிச் சோதனையன்று டாக்டர், நல்ல கண்ணை மூடிக்கொண்டு என்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னார். நான் உள்ளங்கையால் அத்தையின் இடது கண்ணைப் பொத்தினேன். அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"சொன்னாக் கோவிச்சுக்கிறாதீக. உங்க சட்டைப் பையில பேனா மை ஒழுகி அம்புட்டும் நீலமாக் கெடக்கு."

டாக்டர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.