நல்லம்மாவின் அளவு

போன மாதம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், யூனியன்வில்லில் அக்காவின் மகள் சுமதி வீட்டில் பிறந்தநாள். சுமதியின் பேத்திக்கு ஆறு வயது. கேக் வெட்டுவதற்குச் சற்று முன் சுமதி மேலே போய் ஒரு பெட்டியைக் கொண்டு வந்து திறந்தாள். பூச்சி உருண்டை வாசம் கேக் வாசத்தை அமுக்கிவிட்டது. உள்ளே மெல்லிய தாளில் சுற்றிய, பெண்பிள்ளைக்கு முழங்கால் வரை வரும் ஒரு சின்னச் சட்டை. நீல நிறம், வெள்ளைக் கொலர், வலது பக்கத்தில் ஒரு பை.

“இது மாமா எனக்குக் கனடாவிலையிருந்து அனுப்பினது. அப்ப எனக்கு ஏழு வயது. வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை அம்மா இதொண்டைத்தான் எடுத்து வைச்சவ,” என்றாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சட்டையை அனுப்பியது நான்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அதை யார் தைத்தது, யாருக்கென்று தைத்தது என்பதை என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் இதுவரை சொன்னதில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது எழுபத்தொன்றாம் ஆண்டு ஒக்ரோபரில். யாழ்ப்பாணத்துத் தையற்காரர் ஒருவர், எந்தக் குளிருக்கும் இது காணும் என்று உறுதி சொல்லித் தைத்துத் தந்த கோட் ஒன்று என்னிடம் இருந்தது. அவர் கண்ட குளிர் மார்கழிப் பனி. வோபர்ன் பக்கம் ஒரு பஸ் தரிப்பில் அந்தக் கோட்டோடு நடுங்கிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மா ஒருவர் என் கோட்டுக் கையின் துணியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. முழங்கையைப் பிடித்து எதிரே இருந்த பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தின் நிலவறைக்குக் கூட்டிப் போனார். அங்கே கம்பிகளில் கோட்டுகள் தொங்கின. என் தோளுக்கு ஒத்துவந்த ஒன்றை மாட்டிவிட்டு, பொத்தானையும் அவரே பூட்டிவிட்டார். நான் தவறவிட்ட பஸ்ஸை அவரும் தவறவிட்டார்.

அவர்தான் மிஸிஸ் லோரிமர். கணவர் பஸ் ஓட்டியவர், இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை.

அந்த நிலவறையின் வாசம் எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. கொதித்துக் கொதித்துக் கசந்த கோப்பியும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். வியாழக்கிழமைகளில் பெண்கள் வட்டமாக இருந்து ஆசுபத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னுவார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சூப் போகும். நடக்க முடியாதவர்களை வைத்தியரிடம் காரில் கொண்டு போவதற்கு ஒரு முறைப் பட்டியல் சுவரில் இருந்தது. பனி தள்ளுவதற்கு இன்னொன்று. அதில் என் பெயரும் ஏறியது. நாலு கிழவர்களின் வாசல் என் பொறுப்பு. யார் எதைச் செய்தது என்பது வெளியே தெரியாது. ஒரு மணிக்கூட்டை உபயம் செய்தால் முள் நகர இடமில்லாமல் முகம் முழுக்கப் பெயரை எழுதி வைக்கிற ஊரிலிருந்து வந்தவன் நான். எனக்கு அது வியப்பாக இருந்தது. நான் சைவ சமயத்தவன் என்று தெரிந்தும் யாரும் என்னை முழந்தாளிடச் சொல்லவில்லை.

எழுபத்துமூன்றாம் ஆண்டு வசந்தத்தில் போதகர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். வெளிநாட்டு உதவிக்குக் காணிக்கை எடுக்கும் ஞாயிறு ஒன்று வருகிறது, சிலோனைப் பற்றி ஐந்து நிமிடம் பேச முடியுமா என்றார். மறுக்க எனக்கு முகமில்லை. மழைவீழ்ச்சி, தேயிலை, பாடசாலைகள் என்று இரண்டு தாள் எழுதிக்கொண்டு போனேன். இரண்டாவது நிமிடத்தில் முன்வரிசையில் ஒருவர் தூங்கிவிட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. தாளை மடித்து வைத்துவிட்டு நல்லம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

நல்லம்மா என்னோடு இரண்டாம் வகுப்பில் படித்தவள். எங்கள் வீட்டுக் கிணற்றைத் தொட அனுமதி இல்லாத குடும்பம். அவளிடம் ஒரே ஒரு சட்டைதான். அதைத் தோய்க்கிற நாளில், காயும் வரைக்கும் வீட்டுக்குள்ளேயே இருப்பாள், பள்ளிக்கூடம் வரமாட்டாள். அடுத்த நாள் வாத்தியார் அடிப்பார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்தேன். இதெல்லாம் உண்மை. ஆனால் இருபது வருடத்துக்கு முந்திய கதையை, போன கிழமை ஊரிலிருந்து வந்த கடிதத்தில் படித்ததுபோலச் சொன்னேன். நாங்கள் சிரித்ததை மட்டும் விட்டுவிட்டேன். தூங்கியவர் எழும்பிவிட்டார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குச் சந்தோசத்தில் புளுகம் தாங்கவில்லை.

வாசலில் மிஸிஸ் லோரிமர் பிடித்துக்கொண்டார். நல்லம்மா என்ன உயரம் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கேட்கிறேன் என்றேன். அக்காவுக்கு ஏரோகிராம் போட்டு, சுமதியின் அளவை எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்த அளவை நல்லம்மாவின் அளவென்று கொடுத்தேன்.

அந்த நீலச் சட்டை வந்தது. ஓரத்தை மடித்துத் தைத்திருந்ததில் நாலு அங்குலம் துணி உள்ளே இருந்தது. பிள்ளை வளர வளர நூலைப் பிரித்து இறக்கிவிடலாம் என்று காட்டினார். பையையும் காட்டினார். பெண்பிள்ளைக்குத் தன்னுடையது என்று எதையாவது வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்றார்.

யாராவது ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கும்படி அக்காவுக்கு எழுதத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் கனடாவுக்குப் போய் ஒன்றரை வருடமாக ஒரு கைக்குட்டைகூட அனுப்பவில்லை என்று ஊரில் கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. அங்கே அப்போது நல்ல துணி காண்பதே அரிது. பார்சலுக்குள் நான் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அக்காவின் பதில் வந்தது. “தம்பி, சுமதிக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.” அளவெடுத்துத்தானே தைத்தது.

இப்படி ஆறு வருடம், ஆறு சட்டை. ஒவ்வொரு வசந்தத்திலும் மிஸிஸ் லோரிமர் அளவு கேட்பார். சுமதி வளர, நல்லம்மாவும் வளர்ந்தாள். இடையில் கலியாணமாகி வந்த என் மனைவி ஒரு பார்சலைக் கண்டு விசாரித்தாள். சொன்னேன்.

“ஒண்டில் அந்தக் கிழவியிட்டை உண்மையைச் சொல்லுங்கோ, இல்லாட்டி அக்காவிட்டைச் சொல்லுங்கோ. ரெண்டு பக்கமும் பொய் சொல்லிப்போட்டு எப்பிடி உங்களுக்குச் சோறு இறங்குது?”

சோறு நன்றாகத்தான் இறங்கியது. அதுதான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒருமுறை மிஸிஸ் லோரிமர் கூச்சத்தோடு ஒன்று கேட்டார். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. நல்லம்மா ஒரு சின்னக் கடிதம் எழுதுவாளா என்றார். நான் யோசிக்காமல், அவளுக்கு இன்னும் எழுத வராது என்றேன். அடுத்த ஞாயிறு ஒரு பெட்டி நிறையப் பென்சிலும் கொப்பிகளும் என் கையில் வந்தன. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் சேர்த்தவை. அவற்றை நான் அனுப்பவே இல்லை. எங்கள் வீட்டில் கடைச் சாமான் பட்டியல் பல வருடம் அந்தப் பென்சில்களால்தான் எழுதப்பட்டது.

கடிதம் வராமல் இல்லை. எழுபத்தெட்டில் சுமதி எனக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அப்பா வாங்கிய கார், பியானோ வகுப்பு, நாய்க்குட்டி எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரி. ‘என் வகுப்பில் ஒருவருடைய சட்டையிலும் பை இல்லை மாமா, நான் அதற்குள் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன், நடக்கும்போது சத்தம் கேட்கும்.’

அந்தக் குளிர்காலம் மிஸிஸ் லோரிமர் ஆசுபத்திரியில் கிடந்தார். கண் மங்கிவிட்டது. ஆறாவது சட்டையின் தையல் கோணலாக ஓடியிருந்ததைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. நல்லம்மா அதைப் போட வெட்கப்படுவாளோ என்றார். இல்லை என்றேன். பிறகு கேட்டார்.

“பைக்குள் அவள் என்ன வைக்கிறாள்?”

அந்தக் கடிதம் அப்போது என் கோட்டுக்குள் இருந்தது. அவர் பொத்தான் பூட்டிவிட்ட அதே கோட். வாசித்துக் காட்டலாம் என்றுதான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. காரையும் பியானோவையும் தாண்டி அந்த ஒரு வரியை மட்டும் வாசித்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? எழுத வராது என்றீர்களே என்று கேட்டால், நீங்கள் தந்த பென்சிலால் பழகினாள் என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பதில் எனக்கு வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வந்தது. கட்டிலருகில், இன்னும் ஒரு பொய் எத்தனை பொய்யைக் கொண்டுவருமோ என்ற பயம்தான் இருந்தது. அதுவரை சொன்ன பொய் எல்லாம் என் வசதிக்கு. அவருக்குச் சந்தோசம் தரக்கூடிய இடத்தில் மட்டும் எனக்கு நேர்மை வந்துவிட்டது.

தெரியாது என்றேன். “கேட்டு எழுதுங்கள்,” என்றார். இரண்டு கிழமையில் போய்விட்டார்.

அந்தத் தேவாலயம் இப்போது இல்லை. ஆட்கள் குறைந்து, கட்டடத்தை விற்று, இடித்து, வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது நிலவறை இருந்த இடத்தில் யாரோ காரை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நான் பனி தள்ளிய நாலு வாசல்களும் இல்லை. உண்மையைச் சொல்லலாம் என்று எனக்குத் துணிவு வந்தாலும், போய்த் தட்டுவதற்கு அங்கே கதவு இல்லை.

பிறந்தநாள் வீட்டில் பேத்திக்குச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அவள் உடனே பைக்குள் கையை விட்டாள். மிச்சச் சட்டைகள் எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்குப் போடக் கட்டையானாப்போலை அம்மா அதுகளைக் குடுத்துப்போட்டா. எங்கடை வீட்டு முத்தம் கூட்ட நல்லம்மா எண்டொரு மனிசி வாறவ. அவவின்ரை மகள் பெட்டைதான் போட்டவள்,” என்றாள் சுமதி. “அந்தப் பெட்டை என்னிலும் உயரம். தாயும் ஓரத்தை இறக்கிவிடப் பாத்தவவாம். எங்கை, இறக்க ஒண்டும் மிச்சமில்லை. அம்மா முதலே இறக்கிப்போட்டா.”

நான் கேக்கைக் கீழே வைத்தேன். சுமதி என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, இவளுக்கும் இப்பிடி ஒண்டு வாங்கோணும். எந்தக் கடையிலை எடுத்தனீங்கள்?”

“அது இப்ப இல்லை, பிள்ளை,” என்றேன். “பூட்டிப்போட்டினம்.”