குஞ்சின் காலில் சிவப்பு நூல்

தொண்ணூறுகளில் கருமத்தம்பட்டியில் குடியிருந்தபோது, என் கோழிக்குஞ்சுகள் பக்கத்து வீட்டுக் குஞ்சுகளோடு கலந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றின் காலிலும் தறியில் மிஞ்சிய சிவப்பு நூலைக் கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியை நான் நம்பவில்லை.

ஒரு நாள் ஒரு குஞ்சு விரல் வீங்கி நொண்டியது. அவளிடம் தூக்கிக்கொண்டு போனேன். "உன்ற சேவல் கொத்திப்போட்டுது. அதக் கட்டிப்போடு, அம்மணி" என்றேன்.

அவள் குஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். "சேவல் இல்லீங்க்கா. நீங்க கட்டுன நூலு நழுவி விரல இறுக்கிப்போட்டுதுங்க" என்றாள். பிளேடால் நூலை அறுத்து, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினாள்.

வீக்கம் வடியும்வரை தினமும் வந்து மருந்து போட்டாள். குஞ்சைத் தன் வீட்டுக்குப் பழக்குகிறாளோ என்று, அவள் போகும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.