மோர்ப் பந்தலில் ஒரு சோப்புக் கட்டி

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பெண்ணை நடுரோட்டில் வழிமறித்தேன்.

பயப்படாதீர்கள்... என் கையில் இருந்தது ஒரு டம்ளர் மோர்தான்.

“மூணு நாளாப் பாக்கேன். தினமும் எங்க பந்தலைத் தாண்டித்தான் போறீங்க. ஒரு வாய் குடிச்சா என்னம்மா? நாங்க என்ன செஞ்சிருவோம் உங்களை?”

உபசாரம் மாதிரி ஆரம்பித்தேன். முடிக்கும்போது சண்டை மாதிரி இருந்தது. எனக்கே கேட்டது.

அந்தப் பெண் என்னை நிதானமாகப் பார்த்தாள். இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

அங்கேயே நிற்கட்டும். நான் எப்படி நடுரோட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் கிறிஸ்தவ சபை சின்னது. ஆனால் மே மாதம் பிறந்துவிட்டால் சபைக்கு நாலு கை கூடுதலாக முளைத்துவிடும். காலையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி — பாட்டு, கதை, கலர் பேப்பர், பசை. மத்தியானம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ஃபேன் துடைத்து, மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஐக்கிய விருந்து. சபை மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை அது.

இந்த வருடம் கூடுதலாக ரோட்டோரம் ஒரு மோர்ப் பந்தல். பொறுப்பாளர்? அடியேன்தான்.

எப்படி மாட்டினேன் என்கிறீர்களா? கமிட்டியில் வாயைத் திறந்தேன். போதாதா?

பேனரில் என்ன போடுவது என்று பேச்சு வந்தது. செயலாளர் ஜெபராஜ் அண்ணனுக்கு ஒரு வேத வசனத்தைப் பெரிய எழுத்தில் போட ஆசை. நான்தான் எழுந்து நின்றேன். “அண்ணே, சாயங்காலம் அந்த வழியா வர்றவங்க முக்கால்வாசிப் பேரு பட்டாசு வேலைக்குப் போறவங்க. வேற சாமி கும்பிடுறவங்க. வசனத்தைப் பார்த்தா, மோருக்குப் பின்னால ஏதோ இருக்குன்னு ஒதுங்கிருவாங்க” என்றேன். அரை மணி நேர விவாதம். கடைசியில் ஜெயித்தது நான். ‘மோர் அருந்திச் செல்லுங்கள்’ என்ற மூன்றே சொற்களோடு பேனர் ஏறியது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பது என் பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் செய்கிற பிழையைக் கண்டுபிடிப்பதில் இருபது வருட சர்வீஸ். அந்தத் திமிரோடுதான் திங்கட்கிழமை பந்தலில் போய் நின்றேன்.

முதல் நாளே கூட்டம். லாரி டிரைவர்கள், பைக்கில் வந்தவர்கள், ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர்... கொத்தமல்லித் தழையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர். எவர்சில்வர் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, “இன்னொண்ணு ஊத்துங்க” என்றார்கள். வேதாகமப் பள்ளிப் பிள்ளைகள் டம்ளர் அலசித் தருகிறோம் என்று வந்து, அலசியதைவிட அதிகமாகக் குடித்தார்கள்.

ஐந்தேகால் மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. இருபது பெண்கள் இறங்கினார்கள். வெயிலில் வாடிய முகங்கள். காலித் தூக்குவாளிகள். பந்தலைப் பார்த்தார்கள். ஒருத்தருக்கொருத்தர் ஏதோ பேசிக்கொண்டார்கள். விறுவிறுவென்று ரோட்டின் அந்தப் பக்கமாகவே நடந்து போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமையும்.

“நான் அப்பமே சொன்னேன்லா? வசனம் இருந்தாலும் வர மாட்டாங்க, இல்லாட்டாலும் வர மாட்டாங்க. அதைப் போட்டிருந்தா நமக்காவது திருப்தியா இருந்திருக்கும்” என்றார் ஜெபராஜ் அண்ணன்.

எனக்கோ காரணம் நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. எங்கள் மேல் சந்தேகம். மதங்களுக்கு நடுவே எழும்பி நிற்கிற சுவர். ஒரு டம்ளர் மோரைக்கூட வாங்க விடாத சுவர்! புதன்கிழமை வீட்டுக்கு வந்ததும், வாராவாரம் உங்களுக்கு எழுதும் பத்தியை அதைப் பற்றியே எழுதத் தொடங்கிவிட்டேன். பாதி முடிந்தும்விட்டது. ரொம்ப உருக்கமாக வந்திருந்தது.

நல்லவேளை, மீதியை எழுதுவதற்கு முன்னால் வியாழக்கிழமை வந்துவிட்டது.

“கையப் பாருங்கக்கா” என்றாள் அந்தப் பெண். பெயர் முத்துலட்சுமி என்று பிறகு தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வயது இருக்கலாம்.

இரண்டு கைகளும் மணிக்கட்டுக்கு மேலே வரை வெள்ளி. அலுமினியப் பவுடர். ரேகைகளுக்குள், நகக்கண்ணுக்குள், வளையல் படிந்த இடத்தில்... கழுத்தோரம்கூட வியர்வையோடு சேர்ந்து மினுங்கியது.

“மருந்து செலுத்துற வேலைக்கா எனக்கு” என்றாள். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற ரசாயனக் கலவை. “இந்தக் கையோட உங்க டம்ளரைத் தொட்டா அதுல பூசிக்கிரும். அங்கன சின்னப் புள்ளைக அதுலதான வாங்கிக் குடிக்குதுக? லேசா அலசுனா போகாதுக்கா இது. எதுக்கு வம்புன்னுதான் நாங்க எல்லாம் ஒதுங்கிப் போறோம். நீங்க தப்பா நெனச்சிட்டீகளா?”

தப்பாகவா? அரைப் பக்கம் டைப் அடித்து வைத்திருக்கிறேன் தாயே!

“கம்பெனியில கை கழுவ மாட்டீங்களா?” என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டிருந்தது.

“தொட்டி இருக்குக்கா. மே மாசத்துல தொட்டிக்குள்ள தண்ணி இருக்கணும்ல? முதல்ல ஓடுற அஞ்சாறு பேரு கழுவிக்கிடுவாக. அதுக்குள்ள வேன்காரரு ஹாரன் அடிச்சிருவாரு. நாங்க வீட்டுல போயித்தான்...”

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு குழந்தை வீறிட்டது. முத்துலட்சுமியின் நாத்தனார் இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. அம்மாவைப் பார்த்துவிட்டது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பாய்கிறது. முத்துலட்சுமி சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வாரேன் தங்கம், வீட்டுக்குப் போயிருவோம் வா” என்று சொல்லிக்கொண்டே குழந்தையை விட்டு நாலு எட்டு தள்ளியே நடந்தாள். திரும்பி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

“அக்கா, மோரு வேணாம். ஒரு வாளி தண்ணி குடுப்பீகளா?”

இந்தக் காட்சியை நான் முந்தின மூன்று நாளும் பார்த்திருந்தேன். பிள்ளை இப்படிக் கதறுகிறது, தூக்காமல் போகிறாளே, என்ன தாயோ என்று நினைத்துக்கொண்டேன். அதையும் உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

அன்று சாயங்காலமே ஜெபராஜ் அண்ணனிடம் போனேன். பந்தலில் கை கழுவத் தண்ணீர் வைக்க வேண்டும், சோப்பு வைக்க வேண்டும் என்றேன்.

“நல்ல காரியம்தான். தண்ணி எங்கம்மா இருக்கு?”

கேள்வி நியாயமானது. எங்கள் சபைக் கோயில் போர்வெல் மே மாதத்தில் விட்டு விட்டுத்தான் இறைக்கும். மோருக்கும் பிள்ளைகளுக்குமே சரியாக இருந்தது. தண்ணீர் லாரிக்காரர் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் வர வழியே இல்லை என்றுவிட்டார். மிச்சம் இருந்தது கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பெரிய டேங்க் ஒன்றுதான். நிரம்பியிருந்தது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு. அதற்குக் காவல், புஷ்பம் அக்கா.

புஷ்பம் அக்காவை நீங்கள் பார்க்க வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. விருந்துச் சமையல் பல வருடமாக அவர் ராஜ்ஜியம். அவர் வைக்கிற ஆட்டுக்கறிக் குழம்புக்காகவே வெளியூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு. அண்டா கழுவ, அரிசி களைய, கறி அலச எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். டேங்க் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்.

கேட்டால் தர மாட்டார். ஆகவே...

கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு இரண்டு டிரம் தண்ணீரை டேங்கிலிருந்து பிடித்துப் பந்தலுக்கு உருட்டி வந்தேன். திருட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாளி, இரண்டு மக், ஒரு சோப்புக் கட்டி, கொஞ்சம் தேங்காய் நார். ஐந்தேகாலுக்கு வேன் வந்தது. நான் மோர்ப் பக்கமே போகவில்லை. மக்கைத் தூக்கிக் காட்டி, “தண்ணி இருக்கு, வாங்க!” என்று கத்தினேன்.

வந்தார்கள். இருபது பேரும் வந்தார்கள்.

வாளியைத் தொட வேண்டாம் என்று நானே மொண்டு ஊற்றினேன். கை, முழங்கை, முகம், கழுத்து. கழுவி முடித்தவர்கள் முந்தானையில் துடைத்துக்கொண்டு நேராக மோர்ப் பக்கம் போனார்கள். ஒருத்தி மூன்று டம்ளர் குடித்துவிட்டு, “எம்புட்டு நாளு மோப்பம் மட்டும் பிடிச்சிட்டுப் போனோம், தெரியுமாக்கா?” என்றாள். பந்தலே சிரித்தது.

முத்துலட்சுமி கடைசியாக வந்தாள். ஒரு தடவை கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். “போயிருச்சாக்கா?” என்று கையை நீட்டினாள். நகக்கண்ணில் இன்னும் வெள்ளி இருந்தது. வேப்பமரத்தடியில் குழந்தை அழுகையை ஆரம்பித்துவிட்டது.

“ஏ ஸ்டெல்லா! யாரைக் கேட்டுத் தண்ணி எடுத்த?”

புஷ்பம் அக்கா. கோடு இறங்கியதைப் பார்த்துவிட்டு, கோயிலிலிருந்து ரோடு வரை வேர்க்க வேர்க்க நடந்து வந்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமை சபை மொத்தமும் வந்து உக்காரும். நான் எதை வச்சுச் சமைக்க? உனக்கு எழுதத்தான் தெரியும். ஒரு அண்டா கழுவ எத்தனை வாளி வேணும்னு தெரியுமா உனக்கு?”

தெரியாது. முத்துலட்சுமி நீட்டிய கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “போதும்க்கா... வீட்டுல போயிக் கழுவிக்கிடுதேன்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

குழந்தை கத்திக்கொண்டே இருந்தது.

புஷ்பம் அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குழந்தையின் நீட்டிய கைகளை. பிறகு முத்துலட்சுமி மறைத்துக்கொண்ட கைகளை. அவருக்கு யாரும் ஒன்றும் விளக்கவில்லை. மூன்று பிள்ளை வளர்த்தவர்.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு என் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கினார்.

“இங்கன கொண்டா கையை. நகத்துக்குள்ள அப்படியே இருக்குல்லா? அந்த நாரை எடு ஸ்டெல்லா. பாத்துக்கிட்டே நிக்கா... தண்ணியை ஊத்து!”

ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். பத்து விரலையும். அண்டா விளக்கிய கை அல்லவா? ஒரு பொட்டு வெள்ளி மிச்சமில்லை. கடைசியில் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டு, “போ, புள்ளையத் தூக்கு” என்றார்.

முத்துலட்சுமி ரோட்டைக் கடந்து ஓடினாள். குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் அழுகை நின்றது. அவள் அதன் முதுகை, தலையை, பாதத்தை எல்லாம் தடவிக்கொண்டே நின்றாள். வீட்டுக்குக் கிளம்பவே இல்லை.

நான் புஷ்பம் அக்காவைப் பார்த்தேன். அவர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கும் ரெண்டு டிரம் வேணும்” என்றார். “சனிக்கிழமையும் வேன் வரும்லா?”

விருந்து? சனிக்கிழமையோடு டேங்க் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் சனிக்கிழமையே புஷ்பம் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கி உத்தரவு போட்டுவிட்டார் — இந்த வருடம் கோயிலில் அடுப்பு மூட்டப்போவதில்லை, அவரவர் வீட்டில் முடிந்ததைச் சமைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டு வர வேண்டும், இலை மட்டும் கோயில் செலவு! ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாத விருந்தா என்று கேட்டவர்களுக்கு, “ஒரு வருசம் திங்கலைன்னா நாக்கு அறுந்துராது” என்று பதில் கிடைத்ததாம்.

அதே புஷ்பம் அக்காதான். தன் ராஜ்ஜியத்தைத் தானே ஒரு நாள் பூட்டினார். எனக்கு அந்தத் தைரியம் வருமா? என் பத்தியை ஒரு வாரம் விட்டுக்கொடு என்று யாராவது கேட்டால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசனையை உடனே நிறுத்திவிட்டேன்.

விருந்து எப்படி இருந்தது? ஒன்பது வீட்டிலிருந்து தக்காளி சாதம் வந்தது. ஒன்பதும் ஒன்பது ருசி. எது நல்லது என்று பந்தியிலேயே பட்டிமன்றம் நடந்தது. ஜெபராஜ் அண்ணன் தன் கையால் வைத்த ரசத்தைக் கொண்டு வந்து எல்லோர் இலையிலும் வலுக்கட்டாயமாக ஊற்றினார். இத்தனை வருடத்தில் இவ்வளவு சத்தமான விருந்தை நான் பார்த்ததில்லை.

புஷ்பம் அக்கா அழைத்ததால் கம்பெனிப் பெண்களில் நாலு பேர் வந்திருந்தார்கள். முத்துலட்சுமி ஒரு சட்டி கருவாட்டுக் குழம்போடு வந்தாள். அந்தச் சட்டிதான் முதலில் காலியானது. குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து இலையை இழுத்துக்கொண்டிருந்தது.

எத்தனை வருடமாகப் பலருக்கு என்னென்னவோ கொடுத்திருக்கிறோம். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தது எத்தனை தடவை? நான் கேட்க நாலு நாளானது. அதுவும் கேள்வியாகக் கேட்கவில்லை, சண்டையாகத்தான் கேட்டேன். ஆனாலும் பதில் சொன்னாளே, அது அவள் பெருந்தன்மை.

சாப்பிட்டு எழுந்திருக்கும்போது முத்துலட்சுமி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அக்கா, இந்தத் தண்ணி... எம்புட்டு நாளைக்கு வைப்பீக?”

“மே மாசம் முடியிற வரைக்கும் பந்தல் இருக்கும்மா” என்றேன் நான், பொறுப்பாளர் தோரணையில்.

இலை எடுத்துக்கொண்டிருந்த புஷ்பம் அக்கா நிமிர்ந்தார்.

“ஏன், ஜூன் மாசம் பிறந்தா மருந்து கையில ஒட்டாதாமா?”

கமிட்டி இன்னும் கூடவில்லை. ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது.