பொம்மைகளோடு பரண் ஏறிய கவர்

போன ஞாயிற்றுக்கிழமை ஹாஜா பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். மேலக்காவேரியில் வீடு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது ஃபிரிட்ஜ் கதவு. அதில், மாம்பழ வடிவக் காந்தத்துக்குக் கீழே, பேப்பரில் வாராவாரம் வரும் இந்தப் பத்தி!

என் பத்தியேதான். கத்தரித்து, கோணாமல் ஒட்டி... எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? மார்பு கொஞ்சம் விரிந்தது.

கிட்டே போய், எந்த வாரத்துப் பத்தி என்று பார்த்தேன். விரிந்தது சுருங்கிவிட்டது.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். ஓய்வு பெற்ற பிறகு மரவேலை என்று கிளம்பும் கிழவர்களைக் கிண்டல் செய்து எழுதியிருந்தேன். அதில் பெயர் சொல்லாத ஒரு நண்பர் வருவார். "கவனத்தை வீட்டில் வைத்துவிட்டு விரலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்" என்று ஒரு வரி. நிறையப் பேர் அந்த வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நண்பர்தான் ஹாஜா பாய்.

அந்த வரி பொய்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாஜா பாய் துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியராக இருந்து திரும்பியவர். நான் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன். இரண்டு பேருக்கும் மரவேலை தெரியாது. வீடியோ பார்க்கத் தெரியும். அது போதும் என்று ஆரம்பித்தோம். புயலில் விழுந்த பூவரசும் வாகையும் இந்தப் பக்கத்தில் யார் கொல்லையில்தான் இல்லை? முதலில் முக்காலி செய்தோம். ஆடியது. அப்புறம் செல்போன் ஸ்டாண்டு. அதுவும் ஆடியது. ஆடாமல் நிற்க வேண்டுமென்றால் நேராக அறுக்க வேண்டும், நேராக அறுக்க வேண்டுமென்றால் டேபிள் ஸா வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மேசைக்கு நடுவே வட்ட ரம்பம் தலை நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த மிஷின். தப்பு எங்கள் கையில் இல்லை, கருவியில்தான் என்று நம்புவது எவ்வளவு சுகம்!

தஞ்சாவூர்க் கடையில் வாங்கினோம். விற்பனைப் பையன் மிஷினைத் தட்டிக் காட்டி, "இந்தக் கவர் தொந்தரவா இருந்தா ஒரே திருகுல கழட்டிரலாம் சார்" என்றான். அதை ஒரு சிறப்பம்சமாகச் சொன்னான்! நானும், "பிரமாதம்" என்றேன்.

திரும்ப மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. ஹாஜா பாய் கேட்டார். பையன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

அந்தக் கவர் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிளேடுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. அதோடு சேர்ந்தே, பிளேடுக்குப் பின்னால் மீன் துடுப்பு போல ஒரு தகடு. அறுத்த பலகை மறுபடி சேர்ந்து பிளேடைக் கவ்விவிடாமல் அந்தத் தகடு விலக்கி வைத்திருக்கும். கவ்வினால் என்ன ஆகும்? சுழல்கிற வேகத்தில் பலகையைத் தூக்கி நம் மேலேயே எறியும். பலகையைப் பிடித்திருக்கும் கை அதோடு இழுபடும். இதில் உள்ள விசையும் திருப்புத்திறனும் வருஷக்கணக்காக நான் கரும்பலகையில் வரைந்து காட்டியவைதான்.

ஆயுத பூஜை வந்தது.

மிஷினை என் மனைவி விஜயா துடைத்து, சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். "இது மூஞ்சிய மூடிக்கிட்டு இருந்தா நான் எங்க பொட்டு வைக்கிறது?" என்றாள்.

நியாயமான கேள்வி! பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவரைக் கழற்றினேன். பல் பல்லாக இருந்த பிளேடு சந்தனமும் குங்குமமுமாக ஜொலித்தது. எலுமிச்சம்பழம் வைத்தோம். கழற்றின கவரைத் தரையில் போட மனம் வரவில்லை, அதுவும் ஆயுதம்தானே? கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தேன். விஜயா அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

சுண்டல் சாப்பிட வந்த ஹாஜா பாய் அதைப் பார்த்துவிட்டு, "செட்டியாருக்கு ஏ.சி. வாங்கிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

விஜயதசமி முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். கவரும் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி பரண் ஏறிவிட்டது. தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். தெரியும். அடுத்த தடவை மிஷினைப் போடும்போதே தெரியும். ஏணியைச் சாய்த்து, பெட்டியை இறக்கி, தசாவதாரத்தில் பாதியைப் பிரித்தால் எடுத்துவிடலாம். அப்புறம் அதை மாட்ட இரண்டு ஸ்பேனரும் மூன்று கையும் வேண்டும். யார் செய்வது? கவர் இல்லாமலே அறுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பத்து விரலும் இருந்தன. உடனே நான் நிபுணன் ஆகிவிட்டேன்.

இப்படித்தான் நாம். லாரி டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்போம். பிரேக்கைப் பார்க்க மாட்டோம். ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு பாலத்தில் பறப்போம், ஏதோ கண்ணாடிக்குத்தான் மண்டை இருப்பது போல. கருவியைக் கும்பிடுவதற்காக அதன் காப்பையே கழற்றுகிற ஜனம் வேறு எங்காவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. விஜயாவைச் சொல்லவில்லை. பொட்டு வைத்தது அவள். திரும்ப மாட்டாமல் விட்டது நான்.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்ட ஒரு காலை. ஹாஜா பாய் ஒரு பூவரசம் பலகையோடு வந்தார். பேத்தி குர்ஆன் ஓத ஆரம்பிக்கிறாள். அவளுக்கு ரெஹல் செய்ய வேண்டும். ஓதும்போது குர்ஆனை விரித்து வைக்கும் மடக்குப் பலகை அது. ஒரே பலகையில் ஆணி இல்லாமல் செய்வது. வீடியோவில் பார்த்திருக்கிறார்.

என் கொல்லை ஷெட்டுக்குள் வந்தவர் மிஷினைப் பார்த்துவிட்டு நின்றார்.

"கவர் எங்க சார்?"

"பரண்ல பத்திரமா இருக்கு."

"எடுத்து மாட்டிரலாமே. ஏணிய நான் பிடிச்சுக்கிறேன்."

"என்ன பாய், எல்.கே.ஜி. பிள்ளையா நீங்க? வீடியோவுல அமெரிக்காக்காரன் கவர் போட்டுக்கிட்டா அறுக்கிறான்?"

"அவன் பரண்ல ஏறச் சோம்பேறியா இருப்பான் சார்."

"பயமா இருந்தா சொல்லுங்க. நானே அறுத்துத் தர்றேன்."

அந்தக் கடைசி வாக்கியம். ஆம்பிளையைப் பார்த்து அப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? சிரித்துக்கொண்டே பலகையை மேசையில் வைத்தார். நான் எதிரே நின்று, "தள்ளுங்க... தைரியமாத் தள்ளுங்க" என்று வாத்தியார் வேலை பார்த்தேன்.

மழை ஈரம் குடித்த பலகை. பாதி அறுத்ததும் பின்னால் சேர்ந்துகொண்டு பிளேடைக் கவ்வியது. பலகை எகிறியது. அதோடு அவர் இடது கையும் பிளேடுப் பக்கம் இழுபட்டது.

ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. இதற்கு மேல் வர்ணிக்கத் தேவையில்லை.

என் வேட்டியைக் கிழித்துச் சுற்றி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர், "எப்படி ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் கவனிக்கல டாக்டர்" என்றார் ஹாஜா பாய். எனக்காகத்தான் சொன்னார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? அந்த வாரம் எழுத விஷயம் கிடைக்கவில்லை. இது கிடைத்தது. கவரையும் பரணையும் என் வாய்க்கொழுப்பையும் விட்டுவிட்டு, மிச்சத்தை எழுதி அனுப்பினேன். கைக்கு வந்த வரி நன்றாக வேறு வந்து தொலைத்தது.

இப்போது மறுபடி ஃபிரிட்ஜுக்கு வருவோம்.

ஒட்டியது ஹாஜா பாயின் மகன் இர்ஃபான். விரல் செய்தி கேட்டு துபாயிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறான். "வாங்க அங்கிள்... நீங்க எழுதினதைப் படிச்சப்புறம்தான் எங்களுக்கே உறைச்சுது" என்றான். "அத்தாவுக்குக் கவனம் குறைஞ்சு போச்சு. நாங்கதான் பார்க்காம விட்டுட்டோம்."

பேசிக்கொண்டே சட்டைப் பையைத் தட்டினான். உள்ளே ஸ்கூட்டர் சாவி. அத்தா இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது. தனியாக வெளியே போகக் கூடாது. வாசலில் ஒரு சாக்கு மூட்டை: அவருடைய உளி, இழைப்புளி, கிளாம்பு எல்லாம். யாரோ வந்து எடுத்துக்கொண்டு போவார்களாம்.

ஹாஜா பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "சார் நல்லா எழுதியிருந்தீங்க. நானே சிரிச்சுட்டேன்" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். "நீங்க சொன்னாக் கேப்பாருண்ணே. இந்த வயசுல எதுக்கு இந்த விளையாட்டு?" என்றார். நான் டீயைக் குடித்தேன். ஆமாம், குடித்தேன். இஞ்சி போட்ட டீ. நன்றாக இருந்தது.

வாசல் வரை வந்து ஹாஜா பாய் குரலைத் தாழ்த்தினார். "சார், நீங்க எதையும் சொல்ல வேணாம். சாமான் போனாலும் போகட்டும். அந்த வண்டிச் சாவிய மட்டும் எப்படியாச்சும் பேசி வாங்கிக் குடுங்க. எங்க போறதுன்னாலும் மருமகளக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன் சார். சின்னப் பிள்ள மாதிரி இருக்கு."

இந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காவேரிப் பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வருவதற்கே ஹெல்மெட் போட்டு, பட்டையை இறுக்கிக்கொண்டு வருகிறவர் அவர். அதற்காக நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்! கும்பகோணத்திலேயே ஜாக்கிரதையான ஆளைப் பிடித்து, ஊர் முழுக்கக் கவனமில்லாதவர் என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேன். மகனே நம்பும்படி எழுதியிருக்கிறேன். என்ன எழுத்து!

மறுநாள் ஏணியைச் சாய்த்தேன். வராக அவதாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது கவர். விஜயா வைத்த பொட்டு காய்ந்து உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மேலக்காவேரிக்குப் போனேன். இர்ஃபான் முன்னால் டீப்பாயில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். "பயமா இருந்தா சொல்லுங்க" என்றதையும் விடவில்லை.

அவன் கவரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "அப்ப எங்க அத்தா கேட்டிருக்காங்க... நீங்கதான் மாட்டல?"

"ஆமாம்."

"அதுக்கப்புறமும் பேப்பர்ல அப்படி எழுதினீங்க."

"ஆமாம் தம்பி."

"விடுறா, சார் வேணும்னா பண்ணாரு?" என்றார் ஹாஜா பாய்.

"நீங்க சும்மா இருங்கத்தா!" என்று திரும்பினான் இர்ஃபான். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமலே சொன்னான்: "எங்க சொந்தக்காரங்க எல்லாரும் அதைப் படிச்சாங்க அங்கிள். அத்தாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு துபாய்க்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. இங்க வந்து எங்கிட்டச் சொன்னா ஆச்சா? எங்க எழுதினீங்களோ அங்க எழுதுங்க. அதுவரைக்கும் சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

சரியான பிள்ளை. வாசல் மூட்டையை மட்டும் அப்போதே அவிழ்த்து, உளிகளை உள்ளே எடுத்து வைத்தான்.

நடுவில் வாசகர்களிடமிருந்து வேறு கேள்விகள். ஒரத்தநாட்டில் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர் ஒருவர், எந்த டேபிள் ஸா வாங்கலாம், எத்தனை ஹெச்.பி. தேவை என்று கேட்கிறார். மயிலாடுதுறையிலிருந்து ஒருவர், வாங்கின பெட்டியில் கவரே இல்லை, ஆனால் மிஷின் அருமை என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறார். கவர் இல்லாத மிஷினைத் திருப்பிக் கொடுங்கள் ஐயா! ஹெச்.பி.யைக் கேட்காதீர்கள் டாக்டர். ஹாஜா பாய் கேட்டதைக் கேளுங்கள். கழற்றினால் திரும்ப மாட்ட எவ்வளவு நேரம்? கடைக்காரர் முன்னாலேயே, ஸ்பேனர் இல்லாமல், நீங்களே மாட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் வாங்காதீர்கள், நீங்களும் மாட்ட மாட்டீர்கள். பின்னால் நிற்கும் தகடு பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா பாருங்கள். நிறுத்துகிற பட்டன் முழங்காலால் தட்டுகிற மாதிரி பெரிதாக இருக்கட்டும். பிளேடுக்குக் கிட்டே கையைக் கொண்டுபோகாமல் ஒரு கட்டையால் தள்ளுங்கள். சதை பட்ட கணத்தில் தானே நின்றுவிடும் மிஷின்கூட வெளிநாட்டில் இருக்கிறது. வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். ஆனால் எதிரே நின்று "தைரியமாத் தள்ளுங்க" என்று சொல்கிற என் போன்ற ஆளை நிறுத்துவதற்கு இன்னும் மிஷின் வரவில்லை. அந்த மாதிரி ஆளை ஷெட்டுக்குள் விடாதீர்கள்.

என் மிஷினில் இப்போது கவர் இருக்கிறது. பொட்டு அதன் மேலேயே. அடுத்த ஆயுத பூஜைக்கும் அங்கேதான் வைப்பேன் என்று விஜயா சொல்லிவிட்டாள். அந்தப் பூவரசம் பலகையும் ஷெட்டில்தான் கிடக்கிறது. ரெஹல் இன்னும் பாக்கி. அதை அறுக்க அவர்தான் வர வேண்டும். ஏணி பிடிக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.

தம்பி இர்ஃபான், எழுதிவிட்டேன். ஃபிரிட்ஜில் பழையதைக் கிழித்துவிட்டு இதை ஒட்டு. அத்தாவிடம் சாவியைக் கொடுத்துவிடு.

ஹெல்மெட்டை அவரே எடுத்துக்கொள்வார்.