சீழ் வைக்காத புண்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் பரிசோதிப்பவர் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்தால், அது ஒட்டிக்கொள்ளும் வரை கட்டைவிரலை எடுக்கவே மாட்டார்.

என் மகளுக்கு ஒரு மாதமாகியும் தொப்புள்கொடி விழவில்லை. அப்புறம் உடம்பெல்லாம் புண். "எத்தன புண்ணு வந்தாலும் சீழே வெக்கறதில்லீங்க, சுத்தமான ஒடம்பு" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சீழு வெச்சாத்தானுங்க நல்லது. உங்கூட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"

"லாரி ஓட்டறாருங்க."

"ரத்தத்துல வெள்ளணுவும் லாரியாட்டம் ஓடுதுங்க. புண்ணுகிட்ட வந்ததும் ரத்தக் கொழாய்ச் சுவத்துல ஒட்டி நின்னு, வெளிய எறங்கிக் கிருமியக் கொல்லோணும். அதுங்க அங்க செத்துக் குமியறதுதானுங்க சீழு. பாப்பாவுக்கு அந்த ஒட்டு இல்லீங்க. லாரி நெறைய ஓடுது, ஒண்ணும் நிக்கமாட்டேங்குது."

"மருந்துங்க?"

"இந்த நோவையே இப்பத்தான் கண்டு புடிச்சிருக்காங்க சாமி."

நடை பழகும் முன்பே மகள் போய்விட்டாள். அன்று மறுபடி ரத்தம் எடுத்துவிட்டு அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவள் கையில் பஞ்சு எப்போதோ ஒட்டிவிட்டது. அவர் மட்டும் விரலை எடுக்கவேயில்லை. அந்த விரல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஒட்டைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.