சிரித்த கூட்டத்தில் என் மகள்

மகள் பாடுகிறாள் என்பதற்காகவே ஒஸ்லோவில் ஓபரா பார்க்கப் போனேன். நூற்றைம்பது வருடப் பழைய கதை. மேடையில் ஒரு தகப்பன் செத்த மகளை மடியில் கிடத்தி அழுதான். சுற்றி நின்ற ஊர்ச்சனம் அவனுடைய தொப்பையைக் காட்டிச் சிரித்துப் பாடியது. அந்தச் சனத்தில் ஒருத்தியாக என் மகளும் சிரித்தாள்.

ரயிலில், "எப்பிடி அப்பா?" என்று கேட்டாள்.

"நல்லாப் பாடினாய்."

"முகத்தைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே. அந்தக் காலத்து ஓபராவிலை சிரிப்பையும் கலந்துதான் வைப்பினம். அப்பத்தான் அழுகை உறைக்கும்."

வீட்டுக்கு வந்ததும், செத்தவீட்டுக்குப் போய்வந்தால் செய்வதுபோல, நேரே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினேன். அவள் கதவைத் தட்டினாள்.

"அப்பா, அது நடிப்பு."

"ஓம் பிள்ளை. உன்ரை சிரிப்பு நடிப்பு மாதிரித் தெரியேல்லை. நீயும் தலை தோய்ஞ்சுபோட்டுச் சாப்பிடு."