பிறக்கும் முன் தைத்த கில்ட்

குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதையும் தைத்து வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பிறக்கட்டும், பழைய வேட்டியில் கிடத்திக்கொள்ளலாம் என்பார்கள். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! மூன்று வருடத்துக்கு முன் மகள் முதன்முதலாக உண்டானபோது, யாரிடமும் சொல்லாமல் என் பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டி, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, குழந்தையைக் கிடத்த ஒரு சின்ன கில்ட், மெத்தை விரிப்பு, தைக்க ஆரம்பித்தேன். நான்காம் மாதம் கரு கலைந்துவிட்டது. பாதி தைத்ததைச் சுருட்டி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். டாக்டர் என்ன காரணம் சொன்னாலும் என் மனம் என் கையைத்தான் குற்றம் சொன்னது.

இந்த முறை வளைகாப்பு முடிந்து, மேலூரிலிருந்து மகளைத் திருநகரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மூன்று வாரம் நான் தையல் மெஷின் பக்கமே போகவில்லை. பிய்ந்த ரவிக்கையைக்கூட கையால்தான் தைத்தேன். ஒருநாள் அவள் கட்டிக்கொள்ளப் பழஞ்சேலை தேடப்போய், அந்தச் சுருட்டலோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, இது அப்பத் தைச்சதா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இந்தப் பிள்ளைக்கு ஏன் தைக்கல?"

"பிறக்கட்டும் தாயி. பெறகு பாப்போம்."

அவள் கண் நிறைந்துவிட்டது. "நீ மெஷினத் தொடாம இருக்கிறதப் பாத்தா, இதுவும் தங்காதுன்னு நினைக்கிறியோன்னு பயமா இருக்கும்மா."

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மூன்று வாரமாக அவளுக்குப் பயத்தையல்லவா ஊட்டியிருக்கிறேன்!

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி டவுனில் உள்ள மெஷின் கடைக்குப் போனேன்.

"அண்ணே, மூணு அடுக்காத் தைச்சா மேல் துணி மட்டும் சுருங்கிப் பிதுங்குது."

"வாக்கிங் ஃபுட் போடுங்கக்கா. கீழ பல்லு இழுக்கும்போது இது மேல் துணியையும் சேத்து இழுக்கும். யாருக்கு, எம்புட்டுப் பெருசு தைக்கிறீங்க?"

"பேரப்பிள்ளைக்கு. அடுத்த மாசம் வருது."

வெளியாள் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். திரும்பும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

வாங்கி வந்த ஃபுட்டை மெஷினில் மாட்டித் தைத்தால், பழையபடியே சுருக்கம். ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரை வாயில் வந்தபடி திட்டினேன். மகள் போனில் வீடியோ பார்த்துவிட்டு, "அந்த மனுசன் மேல தப்பில்லம்மா. இந்த ஃபுட்டோட கை, ஊசியப் பிடிக்கிற திருகுக்கு மேல உக்காரணுமாம், நீ அடியில விட்டிருக்க" என்றாள். மாற்றி வைத்ததும் மூன்று துணியும் ஒன்றாக நகர்ந்தன. தையல் நீளத்தைக் கூட்டி, மெதுவாக ஓட்டினேன். பழைய கோணல் வரிகளை அவள் எதிரே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். நான் முதுகு நிமிர்த்தினால் போதும், "ஏன் நிப்பாட்டிட்ட?" என்பாள்.

நான்காம் நாள் ஓரத்தை மடித்துத் தைத்து, நூலை வெட்டி, கட்டிலில் விரித்துப் பார்த்தேன். அவள் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். தலையும் தோளும்தான் அதில் அடங்கின. வந்த நாளிலிருந்து பகலில் கண் மூடாதவள், கொஞ்ச நேரத்தில் வாய் பிளந்து தூங்கிப்போனாள். அந்த கில்ட்டில் முதலில் தூங்கியது என் குழந்தைதான்.